அத்தியாயம் 6: எந்தச் சாப்பாட்டுக்கு எந்தக் கலர்?

வடசென்னை விம்கோ நகர் பெட்டிக்கடையில் சோடா கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது இதுதான்: "உப்பாண்ணா, ஸ்வீட்டாண்ணா?" நாமும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு பாட்டிலைக் கையில் வாங்கிவிடுகிறோம். வாங்கும் முன் எதை யோசிக்கலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

சாப்பாட்டோடு எதைக் குடிப்பது என்பதை ஒரு கலையாகவே வளர்த்த நாடுகள் உண்டு. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் கோதுமை, பாப்பரை மாவில் வார்க்கும் மெல்லிய அடைக்கு ஆப்பிள் சைடர்தான் துணை. அதையும் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். ஸ்பெயினின் அஸ்தூரியாவில் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பருகே சாய்த்துப் பிடித்த கிளாசில் மெல்லிய தாரையாக விழவிடுவார்கள். நம் டீ மாஸ்டர் ஆற்றுவதைப் போலத்தான், காற்றுப் பட்டால் வாசனை எழும். விம்கோ நகரில் சைடரைத் தேடி அலைய வேண்டாம். அந்த நாடுகளில் சைடரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்ப்பது நான்கே விஷயம்: புளிப்பு, இனிப்பு, காற்று, துவர்ப்பு. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த ஊரில் எலுமிச்சை, நன்னாரி, மோர், கூழ், பதநீர், கோலி சோடா என்று அந்த நான்குமே வேறு பாட்டில்களில், வேறு சொம்புகளில் கிடைக்கின்றன.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் கழித்துவிடலாம். காரம் ஏறினால் சோடா அடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அடக்காது, ஏற்றும். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும். சோடாவில் இருக்கும் கரியமில வாயு நாக்கில் பட்டதும் கார்பானிக் அமிலமாக மாறி, தன் பங்குக்கு ஒரு சுள்ளென்ற எரிச்சலைக் கொடுக்கிறது. எரிகிற வாயில் அது இரண்டாவது எரிச்சல். பாலிலும் தயிரிலும் இருக்கும் கேசின் என்னும் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும். இனிப்பும் எரிச்சலைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். ஆகவே காரம் தூக்கலாக இருக்கிற தட்டுக்கு மோர். எண்ணெய் தூக்கலாக இருக்கிற தட்டுக்கு சோடா. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

மீன்

காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது மீனிலிருந்துதான் தொடங்க வேண்டும். வறுத்த மீனுக்கும் குழம்பு மீனுக்கும் ஒரே பானம் ஒத்துவராது.

வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எதுவானாலும் வறுவல் என்றால் எண்ணெயும் மசாலாவும் சேர்ந்து நாக்கின் மேல் ஒரு படலம் போடும். இரண்டாவது துண்டில் மீனின் ருசி பாதி தெரியாது. அந்தப் படலத்தை அறுப்பது புளிப்பும் காற்றும். எலுமிச்சை பிழிந்த உப்பு சோடா இதற்கு அளவெடுத்துத் தைத்தது. இனிப்பு வேண்டாம், இனிப்பு சேர்ந்தால் மசாலா மந்தமாகிவிடும். ஒன்றைக் கவனியுங்கள். கடைக்காரர் கிளாசில் உப்பைப் போட்டுவிட்டு அதன் மேல் சோடாவை ஊற்றினால் நுரை பொங்கி வெளியே ஓடும். உப்புப் பொடியின் முனைகளைப் பற்றிக்கொண்டு வாயு வெளியேறிவிடுவதுதான் காரணம். நீங்கள் காசு கொடுத்த காற்று அங்கேயே போயிற்று. எலுமிச்சைச் சாற்றில் உப்பை முதலில் கரைத்துவிட்டு, கிளாசைச் சாய்த்து சோடாவை மெல்ல ஊற்றச் சொல்லுங்கள். சோடாவும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும்; குளிர்ந்த நீரில்தான் வாயு தங்கும். வெயிலில் நின்ற கிரேட்டிலிருந்து எடுத்த பாட்டிலில் ஐஸ் போட்டுக் குடிப்பதைவிட ஐஸ் பெட்டியில் கிடந்த பாட்டிலே மேல்.

மீன் குழம்பில் ஏற்கெனவே புளி இருக்கிறது, மாங்காயும் விழுந்திருக்கலாம். அதோடு லெமன் சோடா குடித்தால் புளிப்பின் மேல் புளிப்பு, பல்லுதான் கூசும். குழம்புச் சாப்பாட்டுக்கு வெறும் தண்ணீர், முடிந்தபின் ஒரு மடக்கு நன்னாரி சர்பத். மீனும் மோரும் சேர்ந்தால் ஆகாது என்று சொல்லும் வீடுகள் இங்கே நிறைய. இதற்கு அறிவியல் ஆதாரம் ஏதும் இல்லை. தயிரில் மீனை ஊறவைத்துச் சமைக்கிற வங்காளிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் விருந்தாளியாகப் போன வீட்டில் இதற்காக வாதாடாதீர்கள்.

நண்டு, இறால் தொக்கு போன்றவற்றில் இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. அதோடு இனிப்பு சோடாவான கலர் குடித்தால் அந்த இனிப்பு காணாமல் போய்விடும். இங்கேயும் உப்பு சோடா அல்லது வெறும் தண்ணீர்.

பிரியாணி, வறுவல், அத்தோ

பிரியாணிக்குப் பன்னீர் சோடா என்பது இந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். ரோஜா வாசனையும் லேசான இனிப்பும் பட்டை, கிராம்பு வாசனையோடு சண்டை போடாது. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே குடிப்பது சரியில்லை என்பது என் கட்சி. இடையில் தயிர்ப் பச்சடி, முடிவில் பன்னீர் சோடா. முதலிலேயே சோடா குடித்தால் காற்று வயிற்றை நிரப்பிவிடும், அரை பிளேட்டிலேயே கை நின்றுவிடும்.

மாட்டிறைச்சிச் சுக்கா, வறுவல், ஈரல் என்று கொழுப்பும் மிளகும் கெட்டியாக இருக்கும் தட்டுக்கு பொவண்டோ. விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் கம்பெனி, 1950களின் இறுதியில் கொண்டுவந்த பானம் இது. அதன் திராட்சை வாசனைக்கும் கருத்த இனிப்புக்கும் மிளகு நல்ல ஜோடி. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டு கோலாக்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது பலர் பொவண்டோவுக்குத் திரும்பினார்கள். அரசியலுக்காகத் திரும்பியவர்களில் சிலர் ருசிக்காக அங்கேயே தங்கிவிட்டார்கள். கோலாவில் இருக்கும் கூர்மையான புளிப்பு இதில் குறைவு என்பதால் வறுத்த மீனுக்கு இது சரிவராது. கறிக்கு மட்டும்.

1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வடசென்னையில் குடியேறியபோது கூடவே வந்தது அத்தோ. நூடுல்ஸ், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள். இதற்கு என்ன குடிப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை, அவர்களே யோசித்துவிட்டார்கள்: கூடவே வரும் வாழைத்தண்டு சூப். அந்தத் தண்டின் லேசான துவர்ப்புதான் எண்ணெயைக் கழுவுகிறது. பர்மா பஜார் பக்கம் அத்தோ கடையில் நின்றுகொண்டு கூல்டிரிங்க்ஸ் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சூப்பை இன்னொரு கிண்ணம் கேளுங்கள்.

கூழ்

சைடருக்கு மிக நெருங்கிய உறவு நம் ஊரில் எது என்று கேட்டால், கூழ் என்பேன். இரண்டுமே புளிக்கவைத்தவை. ஆப்பிள் சாற்றில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. கூழில் லாக்டிக் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தின் ஒரு பகுதியைப் புளிப்பாக்குகின்றன. கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவிட்டு, நொய்யோடு காய்ச்சி, இன்னொரு ராத்திரி வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைப்பது சரியான முறை. காய்ச்சிய அன்றே மோரைக் கொட்டிப் புளிப்பாக்கித் தருவது குறுக்குவழி. குடித்தால் வித்தியாசம் தெரியும்: நன்றாகப் புளித்த கூழின் புளிப்பு தொண்டைவரை இறங்கும், மோர் புளிப்பு நாக்கின் ஓரத்தில் நின்றுவிடும்.

கூழுக்குத் தொட்டுக்கொள்வதைப் பொறுத்து அதன் குணம் மாறும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் என்றால் கூழைக் கெட்டியாகக் கேளுங்கள். வறுத்த நெத்திலிக் கருவாடு என்றால் நீர்க்க, உப்புப் போடாமல் கேளுங்கள். உப்பைக் கருவாடு பார்த்துக்கொள்ளும். மோர் மிளகாய் இருந்தால் காரத்தை அடக்கக் கூழிலேயே மோர் இருக்கிறது. மாங்காய்த் துண்டு கொடுத்தால் வாங்காதீர்கள், புளித்த கூழுக்குப் புளிப்பு மாங்காய் தேவையில்லை. கம்பங்கூழ் கேழ்வரகுக் கூழைவிடக் கொஞ்சம் கசப்புச் சாயல் உள்ளது; அதற்கு மட்டும் மாங்காய் பொருந்தும்.

தள்ளுவண்டிக் கூழைக் காலை பதினொரு மணிக்குள் குடித்துவிடுங்கள். கோடையில் அதற்குப் பின் புளிப்பு கையை மீறிவிடும். ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் தேடவே வேண்டாம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை அம்மன் கோவில் இருக்கும் தெருவெல்லாம் கூழ் வார்ப்பார்கள். முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் சேர்ந்து வரும் அந்தச் சொம்புக் கூழுக்கு ஈடாக எந்த ஓட்டல் மெனுவிலும் எனக்கு ஒன்றும் தெரியாது. சொம்போ தூக்கோ வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.

பதநீரும் மீன்பிடித் தடையும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் விலை ஏறும் அதே மாதங்களில்தான் பதநீரும் நுங்கும் வருகின்றன.

பனம்பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டை வளரவிடாது. தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள் விற்பனைக்குத் தடை இருக்கிறது. "கொஞ்சம் புளிச்சது இருக்குமாண்ணே" என்று பதநீர்க்காரரிடம் கண்ணடித்துக் கேட்காதீர்கள். வம்பு உங்களுக்கு இல்லை, அவருக்கு. நல்ல பதநீரில் சுண்ணாம்பு வாசனை லேசாக இருக்கும், விழுங்கியபின் வாயில் ஒட்டாது. சர்க்கரைத் தண்ணீரோ சாக்கரினோ கலந்திருந்தால் இனிப்பு தொண்டையிலேயே நிற்கும்.

இது சாப்பாட்டோடு குடிக்கும் பானம் இல்லை. காலை ஏழிலிருந்து பத்துக்குள், காலைப் பலகாரத்துக்கு முன், நுங்கைப் போட்டோ புளிப்பு மாங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டோ குடிக்க வேண்டும். சோற்றின் மேல் குடித்தால் வயிறு கனக்கும்.

கரும்புச்சாறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேய்க்கரும்பின் நுனி இனித்த இடம் என்று பட்டினத்தாருக்குத் திருவொற்றியூரைக் காட்டுகிறது கதை. கடற்கரை ஓரத்தில் அவர் சமாதியும் இருக்கிறது. கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது கரும்புச்சாறு குடிப்பதென்றால் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழியச் சொல்லுங்கள். எலுமிச்சை இனிப்பைச் சமன் செய்யும், சாறு கறுப்பதையும் தாமதப்படுத்தும். பிழிந்து வைத்திருக்கும் சாறு வேண்டாம். கண்முன் பிழிய வேண்டும்.

விசேஷங்கள்

பௌர்ணமி அன்று மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கக் கிளம்புகிறவர்கள் பலர் விரதத்தோடு போவார்கள். வெறும் வயிற்றில் சோடா குடிக்கக் கூடாது. ஏப்பமும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். இளநீர் அல்லது பானகம். பானகத்துக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் வெல்லம், ஒரு சிட்டிகை சுக்கு, ஏலக்காய், அரை மூடி எலுமிச்சை. வெல்லத்தை வடிகட்டுங்கள், மண் இருக்கும்.

நிச்சயதார்த்தம், மஞ்சள் நீராட்டு, வரவேற்பு என்றால் வாசலிலேயே ரோஸ் மில்க் கொடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பாலும் சர்க்கரையும் பசியைக் கொன்றுவிடும். குழந்தைகள் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு இலையில் பிரியாணியைத் தொடாமல் எழுந்துபோகும். வாசலில் சின்ன டம்ளரில் நன்னாரியும் எலுமிச்சையும், பந்தி முடிந்ததும் பன்னீர் சோடா. நன்னாரி சிரப் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து அல்லது ஆறு பங்கு. நூறு பேருக்கு மோர் வேண்டுமென்றால் ஐந்து லிட்டர் தயிரில் பதினைந்து லிட்டர் தண்ணீர், நூறு கிராம் உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி. தலைக்கு இருநூறு மில்லி வரும்.

சாவு வீட்டுக்குக் கலர் வாங்கிப் போகாதீர்கள். பாட்டில் திறக்கும் சத்தமே அங்கே பொருந்தாது. வெயிலில் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மோரும் டீயும்தான் மரியாதை. பக்கத்து வீட்டுக்காரர் என்றால் கேட்காமலே கேன் தண்ணீரும் டம்ளரும் வாங்கி வைத்துவிடுங்கள்.

ரம்ஜான் நோன்பு திறக்கும் வேளையில் ராயபுரம், மண்ணடிப் பக்கம் கஞ்சியோடு சப்ஜா விதை போட்ட சர்பத் வரும். நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு முதல் மடக்கு காற்றில்லாததாக, அதிகம் குளிராததாக இருப்பது நல்லது. கஞ்சி உள்ளே போய் அரை மணி கழித்து வேண்டுமானால் சோடா.

கிறிஸ்துமஸுக்கு ஆங்கிலோ இந்திய வீடுகளில் செய்யும் இஞ்சி ஒயினுக்குப் பெயரில்தான் ஒயின். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை காய்ச்சிய சிரப். பிளம் கேக்குக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை, ஏனென்றால் இஞ்சியின் காரம் கேக்கின் நெய்யை வெட்டும். ஈஸ்ட் போட்டுத் திராட்சை ஒயின் புளிக்கவைப்பது வேறு சமாச்சாரம். உரிமம் இல்லாமல் அதைச் செய்வது தமிழ்நாட்டில் குற்றம்.

ஷிப்ட் முடிந்து

கன்டெய்னர் யார்டிலும் வெல்டிங் பட்டறையிலும் வேர்த்துக் கொட்டிவிட்டு வருபவர்கள் நேராக இளநீர்க் கடைக்குப் போகிறார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் வெளியே போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீரை மட்டும் நம்பாமல் உப்புப் போட்ட மோரோ உப்பு சோடாவோ சேர்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், வாந்தி என்றால் கலர் எதுவும் கூடாது. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீரைத் தொடக் கூடாது.

இரவு ஷிப்டுக்குப் போகும் முன் சுக்குமல்லிக் காப்பி நல்லது. பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டுக் குளிர்ந்த கலர் குடித்துவிட்டுப் போனால் ஒரு மணிக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும்.

வாங்கும்போது

கோலி சோடா பாட்டில் 1872இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய வடிவம். உள்ளிருக்கும் வாயுவே கோலியைத் தள்ளி ரப்பர் வளையத்தோடு அடைக்கிறது. கோலியை அழுத்தும்போது "டப்" என்று சத்தமாகத் திறக்க வேண்டும். முனகிக்கொண்டு திறந்தால் காற்று ஏற்கெனவே கசிந்துவிட்டது, மாற்றித் தரச் சொல்லுங்கள். கழுத்துப் பள்ளத்தில் அழுக்குத் தங்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. எந்தத் தண்ணீரில் சோடா போடுகிறார்கள் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஐஸைப் பற்றி இன்னும் கறாராக இருங்கள். மீன் பெட்டிக்குப் போகும் பார் ஐஸ் குடிக்கிற பானத்துக்காகச் செய்தது இல்லை. கோணிச்சாக்கில் சுற்றிய பார் ஐஸை உடைத்து சர்பத்தில் போடும் கடையில், "ஐஸ் இல்லாம குடுங்கண்ணே" என்று சொன்னால் போதும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாகச் சர்க்கரை. பெரும்பாலான கலர்களில் 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவில் இருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்று ஐந்து ஆறு டீஸ்பூனுக்குச் சமம். பெரியவர் ஒருவர் நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டிலைத் திருப்பி அந்த எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இந்த அத்தியாயத்தில் சொன்னவற்றில் மோரையும் உப்பு சோடாவையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பும் இருந்தால் அந்த இரண்டிலும் உப்பைக் குறையுங்கள்.